பதினான்கு நாள் மாத்திரையும் இடம் மாறும் பிழைப்பும்

கான்கிரீட் தளம் போட்ட மறுநாள் அதன்மேல் கலவையால் சின்ன வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தண்ணீர் நிறுத்துவார்கள். சைட்டில் இதற்குக் கியூரிங் என்று பெயர். ஒரு வாரமாவது தண்ணீர் நிற்க வேண்டும். பல இடங்களில் பத்து, பதினைந்து நாள்கூட நிற்கும். வெயிலில் வற்ற வற்ற ஹோஸ் பைப்பைப் போட்டு மறுபடி நிரப்புவார்கள். மலேரியாவைப் பரப்பும் கொசு ஒன்று முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகிச் சிறகோடு பறக்க நம் ஊர் வெப்பத்தில் எட்டிலிருந்து பத்து நாள் போதும். அப்புறம் லிஃப்ட்டுக்காகத் தோண்டிய குழி, மூடாத சம்ப், கலவைக்குப் பிடித்து வைத்த டிரம், அடித்தளத்தில் ஊறி நிற்கும் நீர் எல்லாம் இருக்கின்றன. பொழுது சாய்ந்தால் அதே கட்டடத்தில், கதவும் ஜன்னலும் இன்னும் வைக்காத அறைகளில், பாயையோ சாக்கையோ விரித்துத் தொழிலாளர்கள் படுக்கிறார்கள்.

சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனோஃபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு. கிணறு, மொட்டை மாடித் தொட்டி, சம்ப் என்று ஓரளவு தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் மலேரியா காட்டோரத்து நோயாக இருக்க, தமிழ்நாட்டில் அது வெகு காலம் தலைநகரத்து நோயாக இருந்ததற்கு இந்தக் கொசுவின் குணம் முக்கியக் காரணம். மாநிலத்தில் பதிவான நோயாளிகளில் பாதிக்கு மேல் சென்னைக்காரர்களாக இருந்த ஆண்டுகள் பல. வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் ஆட்கள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ரயிலேறி வருவதற்கு முன்பே சென்னைக்கு முறைக்காய்ச்சல் நன்றாகத் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. ஒரு சைட்டில் நாலு பேருக்குக் காய்ச்சல் என்றதும் "வடக்கேயிருந்து வந்தவங்க கொண்டுவந்துட்டாங்க" என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. மலேரியா பரவ ரத்தத்தில் கிருமியுள்ள ஒருவர் வேண்டும், கொசு வேண்டும், அந்தக் கொசுவிடமிருந்து தப்ப வழியில்லாத இன்னொரு உடம்பும் வேண்டும். கிருமி ஒருவரோடு ரயிலில் வந்திருக்கலாம். கொசுவையும் கதவில்லாத அறையையும் கொடுத்தது நம் ஊர். வேலைக்கு வந்தவர்களில் இங்கே வந்தபின் நோய் தொற்றியவர்களும் உண்டு. அவர்கள்தான் அதை ஊருக்கு எடுத்துப் போகிறார்கள். பயணம் மறுபக்கமும் நடக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர்வெல் போட இந்தியா முழுக்கப் போகின்றன, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகின்றன. மலேரியா கடுமையாக உள்ள மாவட்டத்தில் வண்டிக்குப் பக்கத்திலேயே படுத்துறங்கும் ரிக் தொழிலாளிக்கு அந்தக் கிருமியிடம் எந்தப் பழக்கமும் கிடையாது. காய்ச்சல் வந்தால் அவரை அது வேகமாகச் சாய்த்துவிடும்.

பழக்கம் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மலேரியா மிகுந்த பகுதியில் பிறந்து வளர்ந்தவர் சிறு வயதிலிருந்தே பல தடவை காய்ச்சலில் விழுந்து எழுந்திருப்பார். காலப்போக்கில் உடம்பு கிருமியை முழுதாக விரட்டாமலே அடக்கி வைக்கப் பழகிக்கொள்கிறது. அப்படிப்பட்டவருக்கு ரத்தத்தில் கிருமி இருந்தும் காய்ச்சல் இருக்காது. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் 2020இல் தொடங்கிய மலேரியா ஒழிப்பு இயக்கம் வீடு வீடாகப் போய் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தபோது, கிருமி கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லை. "காய்ச்சல் இருந்தா வாங்க" என்று சொல்லும் முகாமுக்கு இவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? இன்னொன்று, இந்தப் பாதுகாப்பு நிரந்தரமானதும் இல்லை. ஊரை விட்டு வந்து சில ஆண்டுகள் நகரத்தில் இருந்தால் அது தேய்ந்துவிடும். பிறகு திருவிழாவுக்கோ அறுவடைக்கோ ஊருக்குப் போய்த் திரும்பும்போது, "சின்ன வயசுல வராத காய்ச்சலா" என்ற தைரியத்தில் இருப்பவரைத்தான் நோய் பலமாக அடிக்கிறது. லண்டனில் குடியேறிய மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு நடப்பதும் இதேதான். பிரிட்டனில் மலேரியாவோடு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊருக்குப் போய் உறவினரைப் பார்த்துத் திரும்பியவர்கள்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் பெரும்பாலான மலேரியா இரண்டு வகைக் கிருமிகளால் வருகிறது. ஃபால்சிபாரம் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஆளைக் கொல்லக் கூடியது. வைவாக்ஸ் பொதுவாக அவ்வளவு மூர்க்கமில்லை. சென்னையில் பெரும்பாலும் காண்பது இதுதான். ஃபால்சிபாரத்துக்கு மருந்து மூன்றே நாள்: ஆர்ட்டிசுனேட் கூட்டு மருந்து, இரண்டாம் நாள் ஒரு வேளை பிரைமாகுயின். வைவாக்ஸுக்குக் காய்ச்சலைத் தணிக்கக் குளோரோகுயின், முதல் நாள் நாலு மாத்திரை, மறுநாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு. ஆனால் வைவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி ஈரலுக்குள் போய் உறங்கிக்கொள்கிறது. ரத்தத்தில் உள்ளதைத் தீர்க்கும் குளோரோகுயின் அதைத் தொடுவதில்லை. சில வாரம் கழித்தோ பல மாதம் கழித்தோ அது விழித்து மறுபடி ரத்தத்தில் இறங்கும். எந்தக் கொசுவும் கடிக்காமலேயே காய்ச்சல் திரும்பி வரும். உறங்கும் கிருமியை அழிக்கப் பிரைமாகுயின் தினம் ஒரு வேளை வீதம் பதினான்கு நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

ஆளைக் கொல்லும் வகை மூன்று நாளில் முடிகிறது. சாதுவான வகை பதினான்கு நாள் ஒரே இடத்தில் இருக்கச் சொல்கிறது. நாள்கூலிக்காரருக்கு இதுதான் பெரிய பாடு. குளோரோகுயின் மூன்றாம் நாள் முடியும்போது காய்ச்சல் விட்டிருக்கும், பசி எடுக்கும், வேலைக்குப் போகலாம் என்றிருக்கும். நன்றாக இருக்கும் உடம்புக்கு இன்னும் பதினோரு நாள் மாத்திரை எதற்கு என்ற கேள்வி படித்தவர்களுக்கே வருகிறது. வெறும் வயிற்றில் போட்டால் பிரைமாகுயின் வயிற்றைப் புரட்டும். காலை ஏழு மணிக்கு ஒரு டீயோடு வேலைக்கு ஏறுபவர் அதை எப்போது சாப்பிடுவார்? இதற்கிடையில் சென்ட்ரிங் வேலை முடிந்து மேஸ்திரி ஆட்களை வேறு சைட்டுக்கு, சில சமயம் வேறு மாநிலத்துக்கே, வண்டியேற்றிவிடுவார். ஏழாம் நாள் விசாரிக்க வரும் சுகாதார ஆய்வாளருக்குக் கிடைப்பது காலியான தகரக் கொட்டகையும் எடுக்கப்படாத ஒரு போன் நம்பரும்தான்.

பிரைமாகுயினுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அதற்கு அடையாளம். உடனே மருந்தை நிறுத்த வேண்டும். இந்தக் குறைபாடு பிறவியிலேயே வருவது, சில பழங்குடிச் சமூகங்களில் அதிகம் காணப்படுவது. மலேரியா மிகுந்த மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வருபவர்களில் பலர் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். நொதிப் பரிசோதனை எல்லா இடத்திலும் கைக்கெட்டுவதில்லை. அதனால் "சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று நோயாளியிடம் சொல்லி அனுப்புவதே வழக்கமாக இருக்கிறது. அதை அவருக்குப் புரியும் மொழியில் யார் சொல்கிறார்கள்? ஒடியாவோ சந்தாலியோ பேசுபவரிடம் அரைகுறை இந்தியில், பக்கத்திலிருக்கும் சக தொழிலாளி மூலமாகச் சொல்லப்படும் எச்சரிக்கை எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பது எனக்குப் பெரிய கவலை.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்களின் நிலைமை இன்னும் கடினம். கர்ப்பமாக இருந்தால் பிரைமாகுயின் கொடுக்கக் கூடாது. குளோரோகுயினால் காய்ச்சலை அடக்கலாமே தவிர, ஈரலில் உறங்குவதைப் பிரசவம் வரை தொட முடியாது. குழந்தை பிறந்தாலும் தாய்ப்பால் கொடுக்கும் தொடக்க மாதங்களில் இந்த மருந்து கூடாது. கர்ப்பத்தில் மலேரியா வந்தால் ரத்தசோகையும் எடை குறைந்த குழந்தையும் சேர்ந்தே வரலாம். பிரசவத்துக்கு அவர் ஊருக்குப் போய்விடுவார். மீதிச் சிகிச்சை பாக்கி இருக்கிறது என்ற தகவலும் அவரோடு அந்த ஊர்ச் செவிலியரிடம் போய்ச் சேர வேண்டும்.

அரசு மருத்துவமனைக்குப் போனால் ரத்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் காலை ஓ.பி. நேரமும் வேலை நேரமும் ஒன்று. போனால் அரைநாள் கூலி போகும், ஸ்லைடு முடிவுக்குக் காத்திருந்தால் முழு நாளும் போகும். எனவே மாலையில் தெருமுனை மெடிக்கலில் நாலு மாத்திரை, இல்லாவிட்டால் பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி. காய்ச்சல் இறங்கும்; கிருமி இருக்கும். இவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுவது எளிது. காய்ச்சல் என்று படுத்தால் கூலி கிடையாது, "மலேரியா" என்று சீட்டு வந்தால் மேஸ்திரி ஊருக்கே அனுப்பிவிடக்கூடும் என்ற நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். சைட்டுக்கு ரத்தம் எடுக்க வரும் ஊழியரைக் கண்டு மேல்தளத்துக்கு நழுவுவதும் இதே பயத்தால்தான்.

அரைகுறை மருந்தின் விளைவு ஒரு ஆளோடு நிற்பதில்லை. கம்போடியாவின் மேற்கு எல்லையில் பைலின் என்று ஒரு ஊர் இருக்கிறது, மாணிக்கக் கல்லுக்குப் பேர்போனது. கல் தோண்ட வெளியூரிலிருந்து வந்தவர்கள் மலேரியாவைத் தாங்கப் பழகாத உடம்போடு காட்டுக்குள் இறங்கினார்கள். 1960களில் அங்கே உப்பிலேயே மலேரியா மருந்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். யார் எவ்வளவு உப்பு சாப்பிட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பலர் ரத்தத்தில் கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதை மருந்துக்குப் பழக்கிவிடப் போதுமான அளவு மருந்தே இருந்திருக்கும். குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் உலகில் முதலில் தலைகாட்டிய இடங்களில் அந்த எல்லைப் பகுதி ஒன்று. அதற்குப் பின் வந்த மருந்துகளும் ஒவ்வொன்றாக அங்கே வலுவிழந்தன. இன்று நாம் நம்பியிருக்கும் ஆர்ட்டிமிசினின் குடும்ப மருந்துகளுக்கு எதிர்ப்பு தென்பட்டதும் முதலில் மேற்குக் கம்போடியாவில்தான். காரணங்கள் பல இருந்தாலும், வந்து போகும் உழைப்பாளிகளும் ஒழுங்கற்ற மருந்தும் ஒரே இடத்தில் சேர்ந்தது அதில் பெரிய பங்கு வகித்தது.

தொழிலாளரை ஓரிடத்தில் குவித்தால் மலேரியா பெருகும் என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தின் டுவார்ஸ் தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர்ஸும் பென்ட்லியும் கொசுவை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பவில்லை. தொடர்ந்து வந்திறங்கும் புது ஆட்கள், லயன்கள் எனப்பட்ட நெருக்கமான வரிசைக் குடியிருப்புகள், பசி, கடன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஆட்களை இப்படி மொத்தமாகக் கொண்டுவந்து குவிக்கும் முறையே நோயை வளர்க்கிறது என்றார்கள். அதே காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் மலேரியாவுக்குப் பலியானவர்கள் நம் ஆட்கள். கங்காணிகள் திரட்டிய தமிழர்கள் கப்பலில் போய் இறங்கி, காடழித்த மண்ணில் லயம் போட்டுத் தங்கினார்கள். 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, கிள்ளான் ஊரிலும் அன்று போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்றழைக்கப்பட்ட துறைமுகத்திலும் மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். மலைச்சரிவுத் தோட்டங்களில் கதை வேறாக இருந்தது. காட்டை வெட்டியதும் வெயில் படும் தெளிந்த ஓடைகள் உண்டாயின. அனோஃபிலஸ் மக்குலேட்டஸ் என்ற கொசுவுக்கு அதுதான் வேண்டும். ரப்பருக்காக நிலத்தைத் திறந்ததே அந்தக் கொசுவை லயத்து வாசலுக்கு அழைத்து வந்தது. பிறகு ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் இறக்கியும், தண்ணீர் மேல் எண்ணெய் தெளித்தும் அதை விரட்ட வேண்டியிருந்தது. அன்று கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இன்று சென்னையில் உறவினரைத் தேடி வருகிறார்கள். அந்த வரலாறு உள்ள நமக்கு, வந்து வேலை செய்பவரை நோயின் மூட்டையாகப் பார்ப்பது பொருந்தவில்லை.

இலங்கை இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது பயன் தரும். 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த தீவு அது. டி.டி.டி. பூச்சிக்கொல்லியைத் தெளித்து 1963இல் ஆண்டுக்கு வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தது. கண்காணிப்பு தளர்ந்ததும் 1960களின் இறுதியில் நோய் லட்சக்கணக்கில் திரும்பியது. அந்த அடி மறக்கவில்லை. 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை என்றாக்கி, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றார்கள். ஆனால் அனோஃபிலஸ் கொசு அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆகவே வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியையும் அவசரச் செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு மாணிக்க வியாபாரத்துக்குப் போகிறவர்கள், அமைதிப்படை வீரர்கள், இந்தியாவுக்கு யாத்திரை வருபவர்கள் ஆகியோருக்குப் புறப்படும் முன்பே தடுப்பு மருந்து இலவசம். நோய் உறுதியானால் மருத்துவமனையில் சேர்த்தே சிகிச்சை, பிறகும் தொடர்ந்து ரத்தப் பரிசோதனை.

இரண்டு சம்பவங்கள் முக்கியமானவை. 2012இல், கனடாவுக்குக் கொண்டுபோகிறோம் என்ற ஆள்கடத்தல்காரர்களின் பேச்சை நம்பி மேற்கு ஆப்பிரிக்காவில் மாட்டிக்கொண்டவர்கள் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் ஃபால்சிபாரம் மலேரியாவோடு வந்திறங்கினார்கள். சட்டத்துக்குப் புறம்பாகப் போனோமே என்று பயந்திருப்பவர் காய்ச்சலை மறைக்கத்தான் பார்ப்பார். குடிவரவு அதிகாரிகளும் மலேரியா தடுப்பு இயக்கமும் சேர்ந்து விமான நிலையத்திலேயே அவர்களைப் பரிசோதித்து மருந்து கொடுத்ததால்தான் அது பரவவில்லை. அடுத்தது 2018 இறுதியில், மொனராகலை மாவட்டத்தில். வேலைக்கு வந்த ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியின் ரத்தத்திலிருந்து உள்ளூர் கொசு வழியாக ஓர் இலங்கையருக்கு வைவாக்ஸ் தொற்றியது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் உள்நாட்டில் நடந்த முதல் தொற்று. சுற்றியிருந்தவர்களைத் தேடிப் பரிசோதித்து, கொசுவைக் கட்டுப்படுத்தி, மேலும் பரவாமல் நிறுத்தினார்கள்.

இதற்கிடையில் கொசுவும் கடல் தாண்டுகிறது. நம் ஊர் ஸ்டீபன்சி 2012இல் ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த ஆண்டு அங்கே 27 மலேரியா நோயாளிகள். 2020இல் 73,000க்கும் மேல். அதே கொசு மன்னார் கிணறுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டபோது இலங்கை பதறியதில் வியப்பில்லை.

இந்தியா 2027க்குள் உள்நாட்டுத் தொற்றைச் சுழியாக்கி, 2030க்குள் மலேரியாவை ஒழிக்கத் திட்டமிட்டிருக்கிறது. நல்ல இலக்கு. அதில் ஒரு சறுக்கலுக்கும் இடமிருக்கிறது. நோயாளி வெளிமாநிலத்தவர் என்றால் "இறக்குமதி" என்று எழுதிவிடலாம். மாவட்டத்தின் ஏடு சுத்தமாக இருக்கும். அவர் எட்டு மாதமாக இதே ஊரில் இருப்பவராயிற்றே, இங்கேயே தொற்றியிருக்குமோ, பழைய வைவாக்ஸ் விழித்ததோ என்று துருவிக் கேட்பது கூடுதல் வேலை. ஆனால் அந்தக் கேள்வியின் பதிலை வைத்துத்தான் அந்தத் தெருவில் கொசுவைத் தேட வேண்டுமா என்று முடிவெடுக்க முடியும்.

நோய் புறப்படும் இடத்திலும் வேலை நடக்கிறது. எட்டாக் கிராமங்களுக்கே போய், காய்ச்சல் உள்ளவர் இல்லாதவர் எல்லாரையும் பரிசோதித்து மருந்து கொடுக்கும் தமன் திட்டத்தாலும் வீடுதோறும் கொடுத்த மருந்திட்ட கொசுவலைகளாலும், ஒடிசாவில் 2016இல் நாலு லட்சத்தைத் தாண்டியிருந்த எண்ணிக்கை 2019இல் நாற்பதாயிரத்துக்குக் கீழே வந்தது. ஒடிசாவின் ராயகடாவில் குறைந்த ஒவ்வொரு நோயாளியும் சென்னைக்கும் லாபம்தான்.

மருந்திலும் வழி பிறந்திருக்கிறது. பிரைமாகுயினை அளவு கூட்டி ஏழே நாளில் முடிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. டாஃபெனோகுயின் ஒரே வேளையில் வேலையை முடிக்கும். 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. இரண்டுக்கும் நொதிப் பரிசோதனை இன்னும் கட்டாயமாகிறது, ஒரே வேளை மருந்தைத் திரும்ப எடுக்க முடியாதே. எனவே விரலில் ரத்தம் குத்தி அங்கேயே நொதியைப் பார்க்கும் கருவி நகர்ப்புறச் சுகாதார நிலையங்களுக்கு வருவதுதான் முதல் தேவை என்பேன். அடுத்தது பதிவு. காசநோய்க்கு நிக்ஷய் என்ற இணையப் பதிவுத் தளம் இருக்கிறது. நோயாளி வேறு மாநிலம் போனால் அவருடைய பதிவை அங்கே மாற்றிவிடலாம். பாதி மாத்திரையோடு கிளம்பும் வைவாக்ஸ் நோயாளிக்கும் அந்த வசதி வேண்டும்.

பணம் எங்கிருந்து என்று கேட்பார்கள். கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டடச் செலவில் குறைந்தது நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியாகப் பிடிக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம் வேலையாட்களுக்குத் தங்குமிடம் தருவது முதலாளியின் பொறுப்பு என்றது. இரண்டும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் வந்துவிட்டன. தங்குமிடம் என்பதில் வலையடித்த ஜன்னலும் மூடிய தண்ணீர்த் தொட்டியும் சேர்த்தி என்று விதியில் எழுதிவிடலாம். காய்ச்சலில் படுக்கும் முதல் மூன்று நாளுக்குக் கூலியை அந்த நலநிதியிலிருந்து கொடுத்துவிட்டால், ரத்தம் எடுக்க வருபவரைக் கண்டு மேல்தளத்துக்கு நழுவ யாருக்கும் தேவை இருக்காது.